நாற்பதில் ஒரு முறை

அன்று காலை பத்தேகாலுக்கு அந்த விஷயத்தைக் கண்டுபிடித்த பிறகும் நான் இரண்டு நிமிடம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பயத்தில் கால் வரவில்லை என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். நிஜத்தில், பக்கத்து மேசைக்காரர்கள் என் திரையைப் பார்த்துவிட்டார்களா என்று ஓரக்கண்ணால் நோட்டம் விட்டுக்கொண்டிருந்தேன். பயம் அதற்கு அப்புறம்தான் வந்தது. வந்தது மொத்தமாக வந்தது.

நான் வேலை செய்வது லிஃப்டுக்கு மூளை செய்யும் கம்பெனியில். எந்த மாடிக்குப் போவது, எப்போது கதவைத் திறப்பது, எப்போது நகரவே கூடாது என்றெல்லாம் முடிவு செய்கிற ப்ரோக்ராமை எழுதுகிறவர்கள் ஆறு பேர். அவர்கள் எழுதியதைச் சோதித்து, தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு என்று போடுகிற டெஸ்டர் நான் ஒருத்தி. என் மேசையில் ஒரு பலகை இருக்கிறது. லிஃப்டில் உள்ள எல்லாப் பட்டன்களும் கதவு ஸ்விட்சுகளும் அதில் உண்டு. கயிறு கிடையாது, கூண்டு கிடையாது, உள்ளே நிற்க ஆள் கிடையாது. அந்தப் பலகையில் தொள்ளாயிரத்துச் சொச்சம் சோதனைகள் தாமாக ஓடும். நான் காபி குடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பேன்.

அதில் சில சோதனைகள் ஒரு நாள் பச்சை காட்டும், மறுநாள் காரணமே இல்லாமல் சிவப்புக் காட்டும், மறுபடி ஓட்டினால் சமர்த்தாகப் பச்சையாகிவிடும். அவற்றுக்கு நாங்கள் வைத்த பெயர் சிணுங்கி. சிணுங்கிக்கு எங்கள் ஆபீசில் ஒரே வைத்தியம், மறுபடி ஓட்டுவது. மூன்று தடவையில் ஒரு தடவை பச்சை வந்தாலும் பச்சைதான். இதை யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் யாராவது படித்துப் பார்த்து வெட்கப்பட்டிருப்பார்கள்.

மூன்று வாரம் முன்பு புதிய மாடல் வெளியே போனபோதும் ஒரு சிணுங்கி இருந்தது. நாற்பது தடவைக்கு ஒரு முறை சிவப்பு. எங்கள் மேனேஜருக்கு ‘ஆகட்டும் சார்’ என்று பெயர், எதைக் கேட்டாலும் “ஆகட்டும், ஆகட்டும்” என்பார். அன்றும் அதையேதான் சொன்னார். நான் மறுபடி ஓட்டினேன், பச்சை வந்தது, கையெழுத்துப் போட்டேன். பதினோரு கட்டடங்களுக்கு அந்த மூளை போய்ச் சேர்ந்தது.

இப்போது வேலை குறைவாகத்தானே இருக்கிறது, சிணுங்கிகளையெல்லாம் தூக்கி எறிந்துவிடுங்கள் என்று ஆகட்டும் சார் சொல்லியிருந்தார். எறிவதற்கு முன் ஒரு தரம் முகத்தைப் பார்ப்போமே என்று, அந்தச் சோதனை சிவப்புக் காட்டிய நாட்களின் குறிப்புகளை வரிசையாகத் திறந்து வைத்தேன். பதினாலு சிவப்பு. பதினாலிலும் ஒரே கதை.

லிஃப்ட் கூண்டின் கூரை மேல் ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. கூரையில் ஏறி வேலை செய்கிறவன் முதலில் அதை அமுக்குவான். அது அமுங்கியிருக்கும் வரை கூண்டு அசையாது. ஏறி நின்று, வெளிக்கதவை மூடச் சொல்லி, பட்டனை இழுத்து விடுவிப்பான். அதற்கப்புறமும் அவன் வேறொரு பட்டனை அமுக்கினால் மட்டும்தான், அதுவும் ஆமை வேகத்தில்தான், கூண்டு நகர வேண்டும். முன்பெல்லாம் இது கம்பியாலேயே கட்டி வைத்த காரியம். புதிய மாடலில் கம்பியைக் குறைத்து, பொறுப்பை எங்கள் ப்ரோக்ராமிடம் கொடுத்திருந்தார்கள். அந்தப் பதினாலு தடவையும், பட்டன் விடுபட்டதும் கதவு மூடியதும் ஒரே கணத்தில் நடந்திருந்தன. இரண்டு செய்தியும் ஒன்றாக வந்து விழுந்ததில் ப்ரோக்ராம் குழம்பிப்போய், இப்போதுதான் கரண்ட் வந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டது. கரண்ட் வந்ததும் அது செய்கிற முதல் வேலை, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வதற்காகக் கூண்டை முழு வேகத்தில் உச்சி மாடிக்கு அனுப்புவது. கூரை மேல் ஆள் நிற்பது அதற்குச் சுத்தமாக மறந்துவிடுகிறது.

கூண்டு உச்சி மாடியில் நிற்கும்போது, அதன் கூரைக்கும் மேலே இருக்கிற இரும்பு உத்திரத்துக்கும் நடுவே இடுப்பளவு இடம்தான் மிச்சம்.

என் அண்ணன் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். புதிதாகப் போட்ட லிஃப்டில் ஜனங்கள் ஏறுவதற்கு முன் அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன். அன்று காலை வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே, “இன்னைக்கு உங்க புது மாடல்தான். உன் மூளை எப்படி இருக்குன்னு பாத்துடறேன், பச்சைக்கிளி” என்று சொல்லிவிட்டுத்தான் போனான். நான் பச்சை போடுகிறவள் என்பதால் எனக்கு அவன் வைத்த பெயர் அது.

அவனுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. லிஃப்ட் குழிக்குள் இருந்தால் அப்படித்தான் சொல்லும். அண்ணிக்குப் போட்டேன்.

“அண்ணி, அண்ணன் எந்தக் கட்டடத்துல இருக்கான்?”

“பெரிய ரவுண்டானா பக்கத்துல, புதுசா கட்டியிருக்காங்களே ஒன்பது மாடி, அங்கதான். ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்ல அண்ணி, சும்மா ஒரு சந்தேகம்.”

ஆகட்டும் சாரிடம் போய் நின்றேன். திரையைக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“நாப்பதுல ஒண்ணுதானேம்மா? ரீரன்ல பச்சை வந்துடுச்சே.”

“சார், கூரை மேல ஆள் நிக்கும்போது மட்டும்தான் சார் இது வரும்.”

“ஆகட்டும். மத்தியானம் மீட்டிங்ல பேசுவோம்.”

நான் பையைக்கூட எடுக்காமல் படியிறங்கி ஓடினேன்.

டாக்ஸி ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. எனக்கும் அண்ணனுக்கும் சாப்பாட்டு மேசையில் நடக்கும் சண்டை அந்த நேரம் பார்த்து மண்டைக்குள் ஓடியது. “உங்க ஊர்ல டெஸ்டுன்னா பட்டனை அமுக்கிப் பாக்கறது. எங்க ஊர்ல உடையுதான்னு பாக்கறது” என்பான் அவன். பத்துப் பேர் ஏறுகிற லிஃப்ட் என்றால் பன்னிரண்டரைப் பேர் எடைக்கு இரும்புக் கட்டிகளை ஏற்றி, வேகமாக இறக்கி, பிரேக்கைப் போட்டு நிறுத்திப் பார்ப்பான். பன்னிரண்டரையைத் தாங்கியது பத்தைத் தாங்கும், அவனுக்கு அத்தோடு கணக்கு முடிந்தது. “உன் இரும்பு நல்ல ஜாதிண்ணா. பன்னெண்டைத் தாங்கினா பதினொண்ணையும் தாங்கும். எங்க சரக்கு அப்படி இல்ல. ஆயிரத்தைத் தாங்கும், ஏழுக்குப் படுத்துக்கும். ஏன்னு கேட்டா ஏழு செவ்வாக்கிழமை வந்துச்சுன்னு சொல்லும்” என்பேன். எல்லோரும் சிரிப்போம். அண்ணி சாதம் போட்டபடியே சிரிப்பாள். இதையெல்லாம் சிரிப்பாக எப்படிச் சொன்னேன் என்று டாக்ஸியில் உட்கார்ந்துகொண்டு என்னையே வெறுத்தேன்.

கட்டடத்தில் இன்னும் சிமென்ட் வாசனை போகவில்லை. வாசலில் இருந்த காவலாளியிடம் லிஃப்டின் மெயினை அணைக்கச் சொன்னேன்.

“சாவி எலெக்ட்ரீஷியன்கிட்ட இருக்கும்மா. அவரு இன்ஸ்பெக்டரோட நாலாவது மாடியில இருக்காரு.”

படிகளில் ஏறினேன். கைப்பிடி இன்னும் மாட்டவில்லை. இரண்டாவது மாடியில் கால் இடறி முட்டித் தோல் பெயர்ந்தது. எழுந்து ஓடினேன். மூன்றாவது மாடி திரும்பும்போதே மேலிருந்து அண்ணன் குரல் கேட்டது. எலெக்ட்ரீஷியனிடம் ஏதோ வேடிக்கை பேசிக்கொண்டிருந்தான்.

நாலாவது மாடியில் லிஃப்டின் வெளிக்கதவு திறந்திருந்தது. கூண்டின் கூரை தரையோடு தரையாக நின்றது. அதன் மேல் மஞ்சள் ஹெல்மெட்டோடு என் அண்ணன். வலது கை சிவப்புப் பட்டன் மேல். வெளியே எலெக்ட்ரீஷியன் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“மூ...” என்று அவன் வாயெடுத்தான்.

ஓடிப்போய்க் கதவுக்கு நடுவே காலை விட்டேன். கதவு வந்து கணுக்காலில் இடித்து நின்றது.

“பைத்தியமா உனக்கு!” அண்ணன் கத்தினான். லிஃப்ட் கதவுக்குள் காலை விடுவது அவன் தொழிலில் கொலைக்குற்றம். “யாரு உன்னை இங்க விட்டது? காலை எடு முதல்ல!”

“எடுக்க மாட்டேன். நீ வெளிய வா.”

“என்னாச்சு? வீட்டுல யாருக்காவது...”

“வெளிய வாண்ணா, கால்ல விழறேன்.”

என் முகத்தைப் பார்த்தானோ, முட்டியில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தானோ, பட்டன் அமுங்கியிருக்கிறதா என்று ஒரு தரம் சரிபார்த்துவிட்டு வெளியே வந்தான். சிமென்ட் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே கணம், பதினாலு சிவப்பு, உச்சி மாடி. எலெக்ட்ரீஷியன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அண்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

“காலையில கால் பங்கு அதிகமா எடை ஏத்தி இறக்கி நிறுத்தினேன். ஒரு விரற்கடை சறுக்கல. வெண்ணெய் மாதிரி நின்னுச்சு” என்றான்.

“அது பிரேக். நான் சொல்றது மூளை. பிரேக் நல்லா இருந்தா என்ன, மூளை பிரேக் போடவே சொல்லலைன்னா?”

“சரி. வாயால சொன்னா நான் நம்ப மாட்டேன், உனக்கே தெரியும். பாத்துடுவோம்.”

அதுதான் என் அண்ணன். பயப்படச் சொன்னாலும் அளந்து பார்த்துவிட்டுத்தான் பயப்படுவான். கட்டட வேலைக்காரர்கள் விட்டுப் போன மரச்சட்டம் ஒன்றை எடுத்து, அதன் பக்கத்தில் நிமிர்ந்து நின்று தன் உயரத்துக்குப் பென்சிலால் கோடு போட்டு, அறுத்தான். கூரையில் தான் நிற்கும் அதே இடத்தில் அதை நிறுத்திக் கைப்பிடிக் கம்பியோடு கட்டினான். ஹெல்மெட்டைக் கழற்றிச் சட்டத்தின் உச்சியில் கவிழ்த்து, “இவர்தான் உங்க அண்ணன். கும்பிட்டுக்கோ” என்றான். எலெக்ட்ரீஷியன் சிரித்தார். எனக்கு அந்தச் சட்டத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சிவப்புப் பட்டனில் ஒரு நூலைக் கட்டிக் கதவிடுக்கு வழியாக வெளியே கொண்டுவந்தான். எலெக்ட்ரீஷியன் கதவை மூடுவார், அண்ணன் நூலை இழுப்பான், கூண்டு அசைகிறதா என்று கதவிலுள்ள சின்னக் கண்ணாடி வழியாகப் பார்ப்போம். அசையாவிட்டால் கதவைச் சாவி போட்டுத் திறந்து, கையை நீட்டிப் பட்டனை அமுக்கி, மறுபடி.

ஒன்று. அசையவில்லை. இரண்டு. மூன்று. பத்து வரை அசையவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். வேண்டுதல் வேறு. என்ன வேண்டுகிறேன் என்றே எனக்குப் புரியவில்லை. நகர வேண்டும் என்றா, நகரக்கூடாது என்றா? நகர்ந்தால் என் கையெழுத்து ஒரு ஆளைக் கொல்லும் கையெழுத்து. நகராவிட்டால் அண்ணன் மறுபடி அதன் மேல் ஏறுவான்.

இருபது. இருபத்தைந்து. எலெக்ட்ரீஷியனுக்குக் கை வலித்தது. “சார், எனக்குக் கீழ வேலை இருக்கு” என்று இழுத்தார்.

முப்பது தடவை ஆனதும் அண்ணன் நூலைக் கீழே போட்டான்.

“போதும். ஒரு பொருள் முப்பது தடவை சரியா நின்னா நிக்கும்னு அர்த்தம்.”

“இது அந்த மாதிரிப் பொருள் இல்லண்ணா! முப்பதுக்கு நின்னது முப்பத்தொண்ணுக்கு நிக்கணும்னு இதுக்கு அவசியமே இல்ல.”

“அப்ப நாளைக்கு வரைக்கும் இழுத்துக்கிட்டே இருக்கட்டுமா?” கோபம் வந்துவிட்டது அவனுக்கு. “இதை வெளிய அனுப்பினாங்களே, பாஸ் போட்டது யாரு? யார் கையெழுத்து?”

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு நொடி அது நாக்கு நுனி வரை வந்தது.

“நான்தான்” என்றேன்.

அவன் முகத்திலிருந்த கோபம் அப்படியே போய்விட்டது. அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

“நீயா?” என்றான். “அட, நீ போட்டிருந்தா சரியாத்தான்டி இருக்கும். நீ சும்மா பயந்துக்கறே.”

சொல்லிவிட்டுக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டான். ஏறப்போகிறான். என் கையெழுத்தை நம்பித்தான் ஏறப்போகிறான். அவன் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“நான் பாக்கலண்ணா. சிவப்பு வந்துச்சு. மறுபடி ஓட்டினேன். பச்சை வந்ததும் போட்டுட்டேன். பாக்கவே இல்ல.”

“விடு. ஆளுங்க பாக்கறாங்க” என்று பெல்ட்டை விடுவித்துக்கொண்டே எலெக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினான். “காலையில எத்தனை தடவை பண்ணினோம், ஏதாவது ஆச்சா? மூடுன்னா மூடு, அவ்வளவுதானே விஷயம்!” சொல்லும்போதே அவன் வலது கை காற்றில் பட்டனை இழுத்தது, எலெக்ட்ரீஷியன் கை கதவைத் தள்ளியது. இரண்டும் ஒன்றாக, வாய் பேசுவதற்கு முன்பே, பழகிய கைகள்.

நான் அதைப் பார்த்தேன்.

“அண்ணா, இப்ப செஞ்ச மாதிரி நீ ஒரு தடவைகூட இழுக்கல.”

“என்ன?”

“முப்பது தடவையும் அவர் கதவை மூடினாரு, மூடிடுச்சான்னு நீ எட்டிப் பாத்தே, அப்புறம் இழுத்தே. டெஸ்டுன்னதும் ரெண்டு பேரும் பதவிசா செஞ்சீங்க. வேலைன்னா நீ அப்படியா செய்வே? மூடுங்கற வார்த்தை முடியறதுக்குள்ள பட்டனை இழுத்துடுவே.”

அவன் கையுறையோடு அப்படியே நின்றான். இரும்பைச் சோதிக்கிற ஆள்தான், ஆனால் சோதனை என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். நிஜத்தில் நடப்பது போல் நடத்தாத சோதனைக்கு அவன் என்றுமே கையெழுத்துப் போட்டதில்லை. கையுறையைக் கழற்றினான். நூலை எடுத்தான்.

“எப்பவும் போல செய்யலாம்ப்பா” என்றான் எலெக்ட்ரீஷியனிடம். “மூடு!”

கதவும் நூலும் ஒன்றாகப் போயின. அசையவில்லை.

“மூடு!”

அசையவில்லை. கண்ணாடியில் ஹெல்மெட் சும்மா நின்றது.

“மூடு!”

கண்ணாடியில் இருந்த மஞ்சள் நிறத்தைக் காணவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. எப்போது நகர்ந்தது என்றே தெரியவில்லை. நூல் அண்ணன் விரலை அறுத்துக்கொண்டு உள்ளே போனது. கூண்டின் சுவர் கண்ணாடிக்கு எதிரே மேலே மேலே ஓடியது, பிறகு வெறும் குழி, ஆடுகிற கயிறுகள். எத்தனை நொடி என்று நான் எண்ணவில்லை. தலைக்கு மேல், உயரத்தில், மரம் முறிகிற சத்தம் ஒன்று கேட்டது. பிறகு ஏதோ குழியின் சுவரில் இடித்து இடித்துக் கீழே விழுந்துகொண்டே போனது. கண்ணாடியைக் கடக்கும்போது அது மஞ்சளாக இருந்தது.

எலெக்ட்ரீஷியன் கதவை விட்டு மூன்றடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

நான் போனை எடுத்தேன். இரண்டு தடவை தப்பாக அமுக்கி, மூன்றாவது தடவை ஆகட்டும் சார் கிடைத்தார்.

“சார், பதினோரு கட்டடத்துலயும் லிஃப்ட் மெயினை உடனே அணைக்கச் சொல்லுங்க. கூரை மேல யாரும் இருக்கக் கூடாது.”

“என்னம்மா திடீர்னு? மறுபடி ஓட்டிப் பாத்தீங்களா?”

“ஆள் உயரச் சட்டம் ரெண்டா போச்சு சார். பச்சை போட்டது நான். இப்ப சிவப்புன்னு சொல்றதும் நான்தான். வேலையை விட்டுத் தூக்கறதா இருந்தா அப்புறம் தூக்குங்க. மெயினை அணைக்கச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

முதல் தடவையாக அவர் ‘ஆகட்டும்’ சொல்லவில்லை. நாற்காலி நகர்கிற சத்தம், யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

எலெக்ட்ரீஷியன் சுதாரித்துக்கொண்டு சாவியோடு கீழே ஓடினார். சற்று நேரத்தில் எங்கள் கட்டடத்தில் மெயின் அணைந்தது. பிறகு ஒவ்வொரு கட்டடமாக அணைந்த செய்தியை ஆகட்டும் சார் போனில் வாசித்தார். நாலாவது கட்டடத்தில் கூரை மேல் ஒருவர் இருந்தாராம், இறக்கிவிட்டார்களாம். எட்டாவதில் போனை எடுக்கவே வெகுநேரம் ஆனது. பதினொன்றாவதும் அணைந்தது என்று அவர் சொன்னபோதுதான் திரும்பி அண்ணனைப் பார்த்தேன்.

அவன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். அறுபட்ட விரலில் கைக்குட்டையைச் சுற்றியிருந்தான். மற்றக் கையில் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தான். கட்டடங்களை எண்ணுகிறான் என்று நினைத்தேன்.

“எல்லாம் அணைஞ்சாச்சுண்ணா. பதினொண்ணும்.”

அவன் தலையை ஆட்டினான். ஆனாலும் விரல் நிற்கவில்லை. கட்டை விரலிலிருந்து மறுபடி ஆரம்பித்தான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஏழு” என்றான்.

“எது ஏழு?”

“காலையிலேருந்து ஏழு தடவை மேல நின்னு மூடச் சொன்னேன்” என்றான். “எப்பவும் போலத்தான்.”